குதிரும் இரும்புப் பெட்டியும்

அரியூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு முதல் கவலை சாமான்கள்தான். பரணில் பித்தளை அண்டா, அறையை அடைத்து நிற்கும் பீரோ, தாத்தா காலத்து மரப்பெட்டி, கொலு பொம்மைகள், யாருக்கும் பயன்படாத நாற்காலிகள். வேலை முடியும்வரை இவற்றை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுத் தாழ்வாரமும் தார்ப்பாய் மூடிய தோட்டமும் பழைய வழிகள். வாசலிலேயே ஓர் இரும்புப் பெட்டியை மாத வாடகைக்கு இறக்கிக்கொள்வது புதிய வழி.

அமெரிக்காவில் இது பெரிய தொழில். 1998இல் புளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டரில் தொடங்கிய ‘பாட்ஸ்’ நிறுவனம் பெட்டியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும்; வீட்டார் நிதானமாக நிரப்பியதும் வந்து எடுத்துப் போகும். நம் பகுதியில் வாடகைப் பெட்டிகள் பெரும்பாலும் கட்டுமான இடங்களில்தான் நிற்கின்றன, மேற்பார்வையாளர் அறையாகவோ கருவிகள் வைக்கும் கிடங்காகவோ. கப்பலில் வந்த அதே கண்டெய்னர் வீட்டுச் சாமானையும் காக்கும். ஆனால் அதன் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு வயது சுமார் எழுபதுதான். 1956 ஏப்ரல் 26 அன்று, லாரித் தொழில் செய்துவந்த மால்கம் மெக்லீன் என்பவர் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து கப்பலில் அடுக்கும் வேலை, பெட்டியோடு தூக்கி வைக்கும் வேலையாக மாறியது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. ஒரே அளவுப் பாத்திரத்தில் சரக்கை அடைத்துக் கடல் கடத்தும் யோசனை மட்டும் நம் கரைக்கு மிகப் பழையது. அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் அடைத்து வந்த அந்த ஜாடிகள் அக்காலத்துக் கண்டெய்னர்கள்.

வாடகைக்குப் பொதுவாகக் கிடைப்பது இருபதடிப் பெட்டி. உள்ளே ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அளவில், பத்தடி உயரமுள்ள நம் வீட்டு அறை ஒன்றும் கிட்டத்தட்ட இதே கொள்ளளவுதான். வெறும் பெட்டியின் எடை இரண்டேகால் டன் அளவு. இதன் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. கப்பலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலுள்ள சுமை முழுவதும் அந்தத் தூண்கள் வழியாகவே இறங்கும். பக்கச் சுவர் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தகடு. அலை அலையாக மடித்திருப்பதால்தான் வளையாமல் நிற்கிறது. கூரையும் மெல்லிய தகடே. அதனால் கூரையின் நடுவில் தண்ணீர்த் தொட்டியையோ செங்கல்லையோ ஏற்றக் கூடாது.

பெட்டியை இறக்கும் முறையும் இந்த நான்கு மூலைகளை ஒட்டியதே. டிரெய்லரும் ஹைட்ரா கிரேனும் நுழையத் தெரு அகலம் போதுமா, மேலே மின்கம்பி தாழ்ந்து போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூலைக்கு ஒரு கான்கிரீட் கட்டை வைத்து, நான்கையும் மட்டம் பார்த்து, அவற்றின் மேல் பெட்டியை அமர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு மூலை மண்ணில் இறங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு மூடாது, மூடினால் திறக்காது. தரையை விட்டு உயர்ந்து நின்றால் அடியில் காற்று போகும், கரையானும் எளிதில் ஏறாது.

இனி, பலரும் எதிர்பாராத விஷயம். ஓட்டை இல்லாத பெட்டிக்குள்ளும் மழை பெய்யும்.

மழைக்காலப் பகலில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் அளவு நீராவி இருக்கலாம். இரவில் கூரைத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து 22 டிகிரிக்குக் குளிர்ந்தால், அந்தக் காற்றால் 19 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மிச்சம் கூரையின் உட்புறத்தில் துளிகளாகப் படியும். 33 கன மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர். ஈரம் காயாத கட்டிலும் பஞ்சு மெத்தையும் உள்ளே இருந்தால், பகல் வெயிலில் அவையும் ஈரத்தைக் கக்கும். மறுநாள் இன்னொரு டம்ளர். சில வாரங்களில் துணியில் பூஞ்சை, பீரோவில் துரு.

நம் வீடுகளில் நெல்லைக் காத்த குதிர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அதன் களிமண் சுவர் நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், காய்ந்த நாளில் வெளியே விடும். அதையும் தரையிலிருந்து உயர்த்தியே வைத்தார்கள், நன்றாகக் காய்ந்த நெல்லைத்தான் கொட்டினார்கள். இரும்புக்குச் சுவாசம் கிடையாது. குதிர் தானாகச் செய்ததை இங்கே நாம் செய்ய வேண்டும். எதை வைத்தாலும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே ஏற்றுங்கள். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மரச்சாமானை பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றாமல் பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

கோடையில் கதை வேறு. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டலாம். புகைப்பட ஆல்பம், டிவி, மருந்து, பட்டுப்புடவை, பத்திரங்கள் வீட்டாரோடு இருக்கட்டும். கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், இன்வெர்ட்டர் பேட்டரி எக்காலத்திலும் உள்ளே போகக் கூடாது. அரிசியும் தவிடும் வைத்தால் எலி தேடி வரும்.

பெட்டியை எடுக்குமுன் ஒரு சோதனை. பட்டப்பகலில் ஒருவர் உள்ளே நின்று, கதவை மூடச் சொல்லி, கூரையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கதவுத் தண்டுகளை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்; ஆகவே வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். இதே காரணத்தால், பெட்டி வீட்டில் இருக்கும் நாளெல்லாம் பூட்டு தொங்கட்டும். ஒளிந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதைவிட ஆபத்தான இடம் இல்லை. முன்பு என்ன சரக்கு ஏற்றிய பெட்டி என்றும் கேளுங்கள். ரசாயன வாடை அடித்தால் வேண்டாம்.

பெட்டியை நிரப்பும் வேலைதான் உண்மையில் வீட்டை ஒழிக்கும் வேலை. ஒவ்வொரு பொருளும் வாசல் தாண்டும்போது கையில் வருகிறது: வேண்டுமா, யாருக்காவது கொடுக்கலாமா, பழைய இரும்புக்காரருக்கா? திரும்பி வீட்டுக்குள் வரப்போவது மட்டும் பெட்டிக்குள் ஏறட்டும். முடிவெடுக்க முடியாததைக் கதவோரம் வையுங்கள். கடைசியில் ஏறியது முதலில் கண்ணில் படும்.

வாடகை மாதந்தோறும் ஓடும். கெடு இல்லாவிட்டால், பழைய நாற்காலிக்கு அதன் விலையைவிட அதிக வாடகை கட்டிக்கொண்டிருப்போம். நமக்கென்று ஏற்கெனவே ஒரு கெடு இருக்கிறது: போகி. கார்த்திகை மழை ஓய்ந்ததும் பெட்டியை எடுத்து, மார்கழியில் வீட்டு வேலையை முடித்து, போகிக்குள் காலி செய்து அனுப்பிவிடலாம். கதவோரம் நின்றவற்றுக்கும் அதற்குள் ஒரு வழி பிறந்துவிடும். பொங்கலன்று கோலம் போட வாசல் முழுதும் வேண்டுமே.