லினக்ஸ் சேவையகத்தின் முனையத் திரையில் பிரிதிறனை மாற்றுதல்

மாணவர்களே, பிரிதிறன் என்றால் என்ன எனக் கேட்டால் "படத்தின் தெளிவு" என்று எழுதுவோர் பலர். அவ்விடை முழுமையற்றது. பிரிதிறனை எண்ணால் கூற வேண்டும். சேவையகம் ஒன்றின் திரையை உதாரணமாகக் கொண்டு இதனைப் படிப்போம்.

1. பிரிதிறன்

திரையில் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் காட்டப்படும் பிக்சல்களின் எண்ணிக்கையே பிரிதிறன் எனப்படும். 1024 × 768 எனில் கிடையாக 1024, நிலைக்குத்தாக 768; மொத்தம் 786,432 பிக்சல்கள்.

2. சேவையகத்தில் இது ஏன் முக்கியம்?

வீட்டுக் கணினியில் சுட்டியால் சொடுக்கிப் பிரிதிறனை மாற்றலாம். லினக்ஸ் சேவையகங்களிலோ வரைவியல் பயனர் இடைமுகம் பெரும்பாலும் நிறுவப்படுவதில்லை. காரணங்கள்:

அ) நினைவகம் மீதமாகும்.
ஆ) மென்பொருள்கள் குறையும்போது பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான வாய்ப்பும் குறையும்.

நிர்வாகி வழமையாக வலையமைப்பினூடாகவே சேவையகத்தை இயக்குவார். வலையமைப்பு செயலிழந்தால், அக்கணினியில் நேரடியாகப் பொருத்திய திரையும் சாவிப்பலகையுமே மிஞ்சும். திரையில் 25 வரிகள் மட்டுமே தெரிந்தால், வழுச் செய்தியின் முதல் வரிகள் மேலே நகர்ந்து மறைந்துவிடும். பிழைக்கான காரணம் அவ்வரிகளில் இருக்கக்கூடும்.

3. எழுத்து முறையும் வரைவியல் முறையும்

1987 இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய வீஜீஏ நியமத்தின் வழமையான எழுத்து முறையில் 80 நிரல்களும் 25 நிரைகளும் உண்டு. ஓர் எழுத்துக்கு 2 பைற்று தேவை. ஒன்று எழுத்தின் குறியீட்டுக்கு, மற்றையது நிறத்துக்கு. ஆகவே,

80 × 25 × 2 = 4,000 பைற்று

வரைவியல் முறையில் ஒவ்வொரு பிக்சலின் நிறமும் நினைவகத்தில் வைக்கப்படும். அந்நினைவகப் பகுதி பிரேம்பஃபர் எனப்படும். 1024 × 768 பிரிதிறனில் பிக்சல் ஒன்றுக்கு 16 பிற்று (2 பைற்று) எனில்,

1024 × 768 × 2 = 1,572,864 பைற்று = 1.5 மெகாபைற்று

ஓர் எழுத்து 8 × 16 பிக்சல் இடத்தைப் பிடித்தால், 1024 ÷ 8 = 128 நிரல்கள், 768 ÷ 16 = 48 நிரைகள் கிடைக்கும். அதாவது 25 வரிகளுக்குப் பதிலாக 48 வரிகள்.

4. மாற்றும் படிமுறை (டெபியன், உபுண்டு)

கணினி தொடங்கும்போது பணிசெயல் முறைமையை நினைவகத்துக்கு ஏற்றும் மென்பொருள் கிரப் ஆகும்.

படி 1: கிரப் பட்டியல் தோன்றும்போது "சி" சாவியை அழுத்தி, வீடியோஇன்போ எனும் கட்டளையைக் கொடுக்கவும். பயன்படுத்தக்கூடிய பிரிதிறன்கள் காட்டப்படும்.

படி 2: கணினியை வழமைபோல் தொடக்கி, ஈடிசி கோப்புறையினுள் உள்ள டிஃபோல்ட் கோப்புறையில் கிரப் எனும் கோப்பைப் பிரதி எடுத்து வைத்த பின், நிர்வாகி உரிமையுடன் திறக்கவும்.

படி 3: கிரப்_ஜீஎஃப்எக்ஸ்மோட் எனும் வரிக்கு 1024x768 எனவும், கிரப்_ஜீஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ் எனும் வரிக்குக் கீப் எனவும் பெறுமானம் கொடுக்கவும். முதலாவது கிரப் பட்டியலின் பிரிதிறனைத் தீர்மானிக்கும். இரண்டாவது அதனை லினக்ஸ் கேர்ணலுக்குக் கையளிக்கும்.

படி 4: அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கிக் கணினியை மீளத் தொடக்கவும்.

கவனிக்க: இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும். படி 4 ஐ விட்டால் மாற்றம் எதுவும் நிகழாது. ஏனெனில் தொடக்கத்தின்போது கிரப் வாசிப்பது வேறொரு கோப்பை. அக்கோப்பை உருவாக்குவது இக்கட்டளையே.

5. கேர்ணல் தானே தீர்மானித்தல்

2009 இல் வெளிவந்த 2.6.29 ஆம் பதிப்பு முதல், திரை முறையைக் கேர்ணலே அமைக்கும் வசதி வந்தது. திரை தன்னைப் பற்றித் தரும் தரவுகளை வாசித்துப் பொருத்தமான பிரிதிறனை அது தெரிவுசெய்யும். அப்போது கிரப்பில் செய்த மாற்றம் நிலைக்காமற் போகலாம். அவ்வாறெனில் கேர்ணலுக்கான கட்டளை வரியில் வீடியோ=1024x768 எனச் சேர்க்க வேண்டும்.

முதலில் கிரப் பட்டியலில் "ஈ" சாவியை அழுத்தித் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. அம்மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. திரை இருண்டுவிட்டாலும் மீளத் தொடக்கினால் பழைய நிலை திரும்பும்.

பிரிதிறன் கூடுவது எப்போதும் நன்மையன்று. ஒரே அளவுத் திரையில் பிரிதிறன் கூடக்கூட எழுத்துச் சிறுக்கும். 1920 × 1080 இல் 8 × 16 எழுத்துரு வாசிக்கக் கடினமாயின் 16 × 32 எழுத்துருவைப் பயன்படுத்தலாம். அப்போது 120 நிரல்களும் 33 நிரைகளும் கிடைக்கும்.

மாதிரி வினா

திரையின் பிரிதிறன் 800 × 600. எழுத்தின் அளவு 8 × 16 பிக்சல். பிக்சல் ஒன்றுக்கு 16 பிற்று.
(i) நிரல்கள், நிரைகள் எத்தனை?
(ii) தேவையான நினைவகம் எத்தனை கிலோபைற்று?

விடை

(i) 800 ÷ 8 = 100 நிரல்கள். 600 ÷ 16 = 37.5. அரை வரியைக் காட்ட முடியாது. எனவே 37 நிரைகள். (38 என மட்டந்தட்டுதல் தவறு.)
(ii) 800 × 600 × 2 = 960,000 பைற்று. 960,000 ÷ 1024 = 937.5 கிலோபைற்று.

பிற்றைப் பைற்றாக்க 8 ஆலும், பைற்றைக் கிலோபைற்றாக்க 1024 ஆலும் வகுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.