டானி கெண்டால்: பேசாத பிள்ளையின் கதை

பி.பி.சி. தொலைக்காட்சியில் 1978-ஆம் ஆண்டு தொடங்கி 2008 வரை ஒளிபரப்பான ‘கிரேஞ்ச் ஹில்’ என்னும் தொடர், லண்டன் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பூசி மெழுகாமல் காட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு பில் ரெட்மண்ட் சிருஷ்டித்தது. 1980-களின் பிற்பகுதியில் அதில் உலவிய மாணவர்களுள் என் மனத்தை விட்டு அகலாதவன் டானி கெண்டால்.

பிறரோடு கலந்து பழகாமல், கேட்ட கேள்விக்கும் வாய் திறக்காமல், வகுப்பை விட்டு அடிக்கடி மறைந்துபோகும் சுபாவமுடைய அந்தப் பையனிடம் அபாரமான சித்திரத் திறமை இருந்தது. பள்ளியின் சின்னத்தை வரைவதற்கு நடந்த போட்டியில் வென்றவன் அவனே. ஆயினும், கட்டுப்பாடே கல்வியின் உயிர் என்று நம்பிய துணைத் தலைமையாசிரியர் பிரான்சன், அவனுடைய மௌனத்தில் துக்கத்தைக் காணாமல் திமிரையே கண்டார். இத்தனைக்கும் அவர் துஷ்டரல்லர். கடமையில் கண்ணான மனிதர்தாம். இதற்கிடையே நோயும் சேர்ந்து டானியின் உடலை அரித்தது.

1989-ஆம் ஆண்டு ஒளிபரப்பான கதையில், அதே பிரான்சனுடைய காருக்குள் டானி பிணமாகக் கிடந்தான்.

ஆசிரியரும் மாணவனும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு கண்ணீர் உகுப்பதாக ஒரு காட்சியை எழுதிச் சேர்ப்பது எளிது. சிறுவர்க்கென்றே அமைந்த தொடரில் அந்த ஆறுதலை அளிக்க மறுத்த துணிவே, டானியை உயிருள்ள பாத்திரமாக்கிற்று என்பது என் திடமான அபிப்பிராயம்.