சிவகாமியும் காஞ்சி வாசகர்களும்

எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு பைண்டு புத்தகங்கள் இருக்கின்றன. "கல்கி" பத்திரிகையில் 1944 முதல் 1946 வரை வாரந்தோறும் வெளிவந்த "சிவகாமியின் சபதம்" தொடர்கதையை என் கொள்ளுப் பாட்டனார் அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துச் சேர்த்து, பாகத்துக்கு ஒன்றாகத் தைத்து வைத்தவை அவை. அந்தக் காலத்தில் கதை படிக்கிற வீடுகளில் இத்தகைய பைண்டுகளைக் காண்பது சகஜம். எங்கள் வீட்டுப் பைண்டுகளின் விசேஷம் வேறு. அவை தெருவெல்லாம் இரவல் போய் வந்தவை. போன இடங்களில் யாரோ பென்சிலும் கையுமாகப் படித்திருக்கிறார்கள். ஆகையால் பக்கங்களின் ஓரங்களில், ஏழெட்டு விதமான கையெழுத்துக்களில், காஞ்சிபுரத்து வாசகர்களின் அபிப்பிராயங்கள் நிறைந்து கிடக்கின்றன.

புகழ்ந்தவர்களும் உண்டு, ஆசிரியருடன் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. மாமல்லர் பாண்டிய ராஜகுமாரியை மணந்துகொண்ட செய்தி வரும் இடத்தில் ஒருவர் ஒரே ஒரு வார்த்தை எழுதி, அதற்கு மூன்று கோடு போட்டிருக்கிறார். அந்த வார்த்தையைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிடுவதற்கில்லை. அதற்குக் கீழே வேறொரு கை, ராஜாங்க விவகாரம் தெரியாதவர்கள் பேசாமலிருப்பது உத்தமம் என்று பதில் சொல்லியிருக்கிறது. வாதாபி நகரம் தீக்கிரையாகும் வரையில் அதை விட்டுப் புறப்படுவதில்லை என்று சிவகாமி சபதம் செய்கிறாளல்லவா? மாமல்லர் மாறுவேடத்தில் வந்து அழைக்கும்போதும் அவள் மறுத்துவிடுகிறாள். அங்கே ஒரு பெண்மணி, அப்போதே புறப்பட்டிருந்தால் ஒன்பது வருஷத்து வேதனை மிச்சமாயிருக்குமே என்று அங்கலாய்த்திருக்கிறார். இன்னொருவருக்கு நாகநந்தியின் பேரில் மனக்குறை. நாகநந்தி கெட்டவன் என்பதல்ல அவருடைய புகார். பௌத்தர்கள் நிறைந்த காஞ்சியைப் பற்றிய கதையில், பெரிய பாத்திரமாக வரும் பிக்ஷு ஒற்றனாகவும் வஞ்சகனாகவும்தான் இருக்கவேண்டுமா என்பது அவர் கேள்வி. இது நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் இங்கே இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

காலத்தில் பின்னோக்கிப் பிரயாணம் செய்யும் கதைகள் மேனாட்டில் பிரசித்தம். மார்க் ட்வெயின் 1889-ல் வெளியிட்ட நாவலில் கனெக்டிகட் என்னும் அமெரிக்கப் பிரதேசத்துத் தொழிற்சாலைக்காரன் ஒருவன் தலையில் அடிபட்டு விழுந்து, ஆர்தர் மன்னன் காலத்து இங்கிலாந்தில் கண் விழிக்கிறான். விழித்தவன் சும்மா இருப்பதில்லை. டெலிபோன் போடுகிறான், பத்திரிகை நடத்துகிறான், பழைய காலத்தையே செப்பனிட்டுவிடப் பார்க்கிறான். நம் கல்கிக்கும் இந்த வித்தை தெரியாததல்ல. அவருடைய "சோலைமலை இளவரசி"யில், 1942-ஆம் வருஷத்து ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுப் போலீஸாருக்குத் தப்பி ஓடிய வாலிபன் இடிந்த கோட்டையில் ஒளிந்திருக்கையில், முன்னொரு பிறவியில் தான் ராஜாவாயிருந்த வாழ்வைக் காண்கிறான். 1950-ல் தொடங்கிய "பொன்னியின் செல்வ"னிலோ வாசகர்களையே ஓடத்தில் ஏற்றிக்கொண்டு காலத்தில் புறப்பட்டுவிடுகிறார்.

"சிவகாமியின் சபத"த்தில் ஓடமும் இல்லை, யந்திரமும் இல்லை. ஆயினும் காஞ்சியில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவனுக்குத் தன் தெருவே பல்லவர் தெருவாகிவிடுகிறது. அமெரிக்கன் போனான், திருத்தினான். நம்மவனோ எதையும் திருத்த விரும்புவதில்லை. அங்கேயே குடியேறிவிட விரும்புகிறான். சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஏனெனில் பரஞ்சோதியின் பின்னோடு நாமும் கோட்டை வாசலில் நுழைந்தோமானால், நாம் அறிந்த காஞ்சி அங்கே இராது. ஏகாம்பரநாதர் ஆலயத்தின் தெற்கு ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எடுப்பித்தது. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் மாமல்லருடைய கொள்ளுப் பேரன். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர் இந்தக் கதையை மூன்று முறை படித்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோர்வைச் சேலையை உதாரணமாகக் காட்டினார். உடல் ஒரு வர்ணம், கரை ஒரு வர்ணம். இரண்டுக்கும் நாடா வேறு. ஊடைக்கு ஊடை உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவேண்டும். சேலை நைந்தாலும் கோர்வை விடக்கூடாது. ஆனால் கரை எங்கே நின்றது, உடல் எங்கே தொடங்கிற்று என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். கல்கி போட்ட கோர்வை கெட்டிதான். இரண்டு பக்கமும் ஒரே வர்ணமாகப் போய்விட்டது என்றார். நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

அவருடைய பேத்தி ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி. சென்ற வருஷம் சரித்திரப் பரீட்சையில், மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி எழுதுக என்று 5 மார்க்குக்கு ஒரு கேள்வி போட்டிருந்தேன். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஆயனச் சிற்பியார் வந்தார். அவர் மகள் சிவகாமியின் அபிநயங்களைப் பார்த்து அவர் சிலை வடித்தது வந்தது. தமிழ் அழகாக இருந்தது, சரித்திரம் இல்லை. 2 மார்க் போட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று மேஜையருகே வந்து நின்றாள்.

"ஆயனர் இல்லையென்றால் வேறு யார் ஸார் செதுக்கினார்கள்?"

"பல்லவ மன்னர்கள் செதுக்குவித்தார்கள்."

"செதுக்குவித்தவர்களைக் கேட்கவில்லை, ஸார்."

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவளுக்கு முன் பெஞ்சியில் இருந்த பையன், மாமல்லன் சிற்பங்களைச் செதுக்கினான் என்று எழுதி 4 மார்க் வாங்கியிருந்தான். ராஜா உளி எடுத்துப் பாறையில் ஏறினான் என்பது ஆயனரை விடப் பெரிய கற்பனையல்லவா? அந்தக் கற்பனைக்கு நான் மார்க் கொடுத்திருக்கிறேன். தவிர, அவை மாமல்லன் காலத்தவை என்பதிலும் எல்லா அறிஞர்களும் ஒருமுகமாயில்லை. ஸ்ரீ இரா. நாகசாமி அவர்கள் அவையனைத்தும் ராஜசிம்மனுடைய படைப்புக்களே என்று 1962-ல் வாதித்தார்.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். மாமல்லபுரத்துக்கு அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில், பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பவை அவற்றுள் சில. இவர்கள் மாமல்லபுரத்தில் வேலை செய்த சிற்பிகளாயிருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். பட்டம் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை, பெயர் மட்டும். கொல்லன் சேமகன் உளிகளுக்குக் கூர் தீட்டிக் கொடுத்தவனோ என்னவோ! மறுநாள் கரும்பலகையில் அந்தப் பெயர்களை எழுதினேன். அந்தப் பெண் ஆவலுடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டேன். பையனுக்கு ஒன்றைக் குறைக்க மனம் வரவில்லை.

கதையைத் தள்ளிவிட்டுக் கல்லை நம்பவேண்டும் என்று சொல்ல வந்தேன் என நேயர்கள் எண்ணவேண்டாம். கல்லும் ஜம்பம் பேசும். புலிகேசியின் புகழைப் பாடும் அய்ஹொளெக் கல்வெட்டு, கி.பி. 634-ஆம் வருஷத்தில் ரவிகீர்த்தி என்ற கவி இயற்றியது. பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் பதுங்கும்படி ஆயிற்று என்று அது சொல்கிறது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடோ, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசி புறங்காட்டி ஓடினான் என்கிறது. 642-ல் வாதாபி வீழ்ந்தது. நரசிம்மவர்மனுக்கு "வாதாபி கொண்டான்" என்ற பட்டம் கிடைத்தது. அங்கே வாடிக்கொண்டிருந்த ஒரு நாட்டியப் பெண்ணைப் பற்றி எந்தச் சாஸனமும் சொல்லவில்லை. படையெடுத்த நகரங்களில் சிறைப்பட்ட பெண்களின் கணக்கை யார் கல்லில் வெட்டினார்கள்? அந்த இடத்தைத்தான் கல்கி நிரப்பினார். நிரப்பியதோடு, ஊரை எரித்த வெற்றியினால் அவளுக்கு என்ன லாபம் என்றும் கேட்டுவிட்டார். கடைசிப் பாகத்துக்கு அவர் இட்ட பெயர் "சிதைந்த கனவு".

பென்சில் வாசகர்களில் பலர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாதாபி எரியும் பக்கங்களில் ஒரே ஜயகோஷம்! வகுப்பிலும் அப்படியே. பையன்களுக்கு அந்தத் தீயை விட்டு வர மனமில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை அவர்களைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தில் ஒரு சாஸனம் இருக்கிறது. வாதாபி எரிந்து சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், புலிகேசியின் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பழிவாங்க அவனுக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவன் ஊரை அழிக்கவில்லை. ராஜசிம்மேசுவரத்து இறைவனுக்குரிய செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் கோயிலுக்கே திருப்பி அளித்தான் என்கிறது அந்தத் தூண். அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டதகல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு நம் கைலாசநாதர் கோயில் ஞாபகம் வரும். அந்தக் கோயிலைக் கட்டிய குண்டன் என்ற ஸ்தபதியின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது.

பையன்கள் கொஞ்ச நேரம் மௌனமாயிருந்தார்கள். பிறகு ஒருவன், எதிரியே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதை எப்படி நம்புவது என்றான். நல்ல கேள்வி, கூரத்துச் செப்பேட்டையும் அப்படியே கேள் என்றேன். மற்றொருவன், நூறு வருஷம் கழித்துப் பொன்னைத் தொடாமல் விட்டதனால் பழைய சண்டை இல்லையென்று ஆகிவிடுமா என்று வாதாடினான். மத்தியான்னம் வரை பிராகாரத்து நிழலில் விவகாரம் ஓடிற்று. நெசவாளர் பேத்தி அதில் கலந்துகொள்ளவில்லை. சின்னச் சின்னச் சந்நிதிகளுக்குள் தலையை நீட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். இங்கேயும் யாராவது பெயரை வெட்டி வைத்திருப்பார்களா என்று பார்ப்பதாகச் சொன்னாள். ராஜசிம்மனுடைய விருதுப் பெயர்கள்தான் வரிசை வரிசையாக அகப்பட்டன.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டுப் பைண்டுகளைப் படிக்கக் கேட்டாள். முதல் இரண்டு பாகங்களும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. "பரஞ்சோதி யாத்திரை"யில், ஆயனர் வீடு முதன்முதல் வரும் பக்கத்து ஓரத்தில், புதிய பென்சில் எழுத்தில் குணமல்லன் என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாம் பாகம் போய் இரண்டு மாதமாகிறது. பாட்டனார் இப்போது அதை நான்காம் முறை படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.