வாய் திறக்க மறுக்கும்போது



வாயைத் திறக்கும்போது காதருகே 'டக்'கென்று ஓசை கேட்பதும், காலையில் தாடை வலிப்பதும் வளரிளம் பருவத்தில் அரிதன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வயதினரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவரிடம் தாடை மூட்டுக் கோளாற்றின் அறிகுறி உண்டெனக் கண்டது. இதற்காகப் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அஞ்ச வேண்டிய வேறொரு நோயும் வாயை இறுக்கும். இரண்டையும் பிரித்தறிதல் நம் கடமை.

தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னே உள்ளது. அது கதவின் கீலைப்போல் மடங்குவதோடு, முன்னும் பின்னும் நழுவவும் வல்லது. எலும்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தட்டு இடம்பெயரின் ஓசை எழும். தசைகள் களைப்பின் வலி தோன்றும். உறக்கத்தில் பல்லை நெரித்தல், மனக்கவலை, ஓயாமல் சவைத்தல், தாடையில் அடிபடுதல் ஆகியவை இதற்குத் துணைசெய்யும். பூப்பெய்திய பின் பெண்பிள்ளைகளிடம் இது மிகுதி. வலியில்லாத வெறும் ஓசைக்குப் பெரும்பாலும் மருத்துவம் வேண்டா. வலி இருப்பின் சில நாள் மென்மையான உணவும் வெந்நீர் ஒத்தடமும் நலம் தரும்.

மற்றைய நோய் மூட்டில் பிறப்பதன்று, பாக்கில் பிறப்பது. முதலில் காரம் பொறுக்காது, வாய் எரியும். பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் நாராக இறுகும். வாய் சிறிது சிறிதாகக் குறுகும். 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு எழுதினார். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் சதையில் நாரைப் பெருக்குகிறது. இறுகிய சதை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் பாக்கையே புற்றுநோய் விளைவிக்கும் பொருளென அறிவித்தது. புகையிலை கலவாத பாக்கும் இதில் அடங்கும்.

நம் சோழவந்தானுக்கு இச்செய்தி சற்றுக் கசப்பாகத் தோன்றலாம். அகத்தியைப் பற்றிப் படரும் கொடிக்காலே இங்குப் பல குடும்பங்களின் சோறு. 2023-இல் நம் வெற்றிலை புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால், இங்கே குற்றவாளி வெற்றிலையன்று, பாக்கே. தாம்பூலத் தட்டின் பெருமை பிள்ளையின் சட்டைப்பையிலுள்ள பொட்டலத்திற்குப் பொருந்தாது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புகையிலை கலவாத இனிப்புப் பாக்கை அச்சட்டம் தொடுவதில்லை. ஆகவே, காவல் வீட்டில்தான் தொடங்க வேண்டும்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். பிள்ளை தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே வைத்துப் பார்க்கட்டும். மூன்றும் நுழைந்தால் பொதுவாக நலமே. நுழையாவிடின், அல்லது வாய் எரிகிறதென்றால், கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் பிள்ளை பொட்டலத்தை மறைக்கும், நோய் வளரும். அன்போடு கேட்டறிந்து, பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாக்கை அன்றே விட்டால் நோய் மேலும் முற்றாமல் தடுக்க வழியுண்டு. நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அவ்வழி குறுகிக்கொண்டே போகும்.