மனச்சிதைவும் மூளையின் ஆற்றலும்

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதியை உண்டாக்கித் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. மனச்சிதைவு நோயுடன் வாழ்ந்து மறைந்தவர்களின் மூளைத் திசுவை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவு வியக்கவைத்தது: அளவு மாறியிருந்த புரதங்களில் ஏறத்தாழப் பாதி, மைட்டோகாண்ட்ரியாவோடும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடும் தொடர்புடையவை.

இதை வைத்தே நோயின் காரணம் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளே மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் குறைக்கக்கூடும். நெடுநேரம் மூச்சுத் திணறி இறந்தவரின் மூளையில் அமிலத்தன்மை கூடி, மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறிவிடும். இரண்டுமே நியாயமான ஆட்சேபங்கள். அதனால்தான் பிலடெல்பியாவில் நடந்த ஓர் ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய பல மரபணுக்கள் அந்தத் துண்டில்தான் உள்ளன. அவர்களின் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, ஆய்வகத்தில் நரம்பணுக்களாக வளர்த்தார்கள். நோய் வந்தவர்களின் நரம்பணுக்களில், ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபி குறைந்திருந்தது. அதே குறையோடு பிறந்தும் நோய் வராதவர்களின் நரம்பணுக்களோ, மைட்டோகாண்ட்ரியாவைக் கூடுதலாக உருவாக்கி அந்த இழப்பை ஈடுகட்டியிருந்தன. புதிதாக வளர்ந்த அந்த நரம்பணுக்கள் மருந்தையும் கண்டதில்லை, மரண வேதனையையும் கண்டதில்லை. ஆற்றல் குறைபாடு நோயின் வெறும் பின்விளைவு என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது.

எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் என்று பயந்து, மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.