கணவர் அமெரிக்காவில்... மனைவி ஜவ்வாது மலையில்... சேர்ந்து வரி தாக்கல் செய்யலாமா? கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கல்யாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளை அமெரிக்கா கிளம்பிடுவார். மனைவிக்கு விசா கிடைக்க மாதங்கள் ஆகலாம், சில நேரம் வருடமே ஆகலாம். அதற்குள் அமெரிக்காவில் வரி தாக்கல் செய்யும் சீசன் வந்துவிடும். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டா வரி குறையுமாம், இந்த பேப்பர்ல ஒரு கையெழுத்து போட்டு அனுப்பு" என்று கணவரிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும்.

வரி குறையும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு கையெழுத்தால், அமெரிக்காவையே பார்க்காத மனைவியின் வருமானமும் அந்த நாட்டு வரிக் கணக்குக்குள் போய்விடும். இது பலருக்கும் தெரிவதில்லை. ஊரில் உள்ள நிலம், வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாமே இதில் அடக்கம்.

இது எப்படி வேலை செய்கிறது? யாருக்கு லாபம்? எங்கே சிக்கல்? எளிமையாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் கணவன் - மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்ய முடியுமா?

முடியாது. இந்திய வருமான வரிச் சட்டத்தில் கணவர் தனி நபர், மனைவி தனி நபர். இருவருக்கும் தனித்தனி பான், தனித்தனி ரிட்டர்ன்.

கோவாவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. போர்ச்சுகீசிய சிவில் சட்டம் பொருந்தும் தம்பதிகளுக்கு வாடகை, வட்டி போன்ற வருமானம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்படும். சம்பளத்தைப் பிரிக்க முடியாது. அங்கேயும் ரிட்டர்ன் தனித்தனிதான்.

தம்பதிகள் விரும்பினால் சேர்ந்து தாக்கல் செய்யும் வசதியைக் கொண்டு வரலாம் என்று ஐசிஏஐ, அதாவது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், 2025 மத்திய பட்ஜெட்டுக்கு முன்பு பரிந்துரைத்தது. அந்த பட்ஜெட்டில் அது இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் திருமணமானவர்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன். இன்னொன்று, திருமணமானவர் என்று குறிப்பிட்டுவிட்டுத் தனியாக ரிட்டர்ன்.

இங்கே பலரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. "மனைவி இங்க இல்லையே" என்று 'சிங்கிள்' கட்டத்தை டிக் அடிப்பது. டிசம்பர் 31 அன்று நீங்கள் திருமணமானவர் என்றால், அந்த ஆண்டு முழுக்கவே திருமணமானவர்தான். மனைவி எந்த நாட்டில் இருக்கிறார் என்பது இதில் கணக்கே இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் தாலி கட்டியவருக்கும் இதே விதிதான்.

மனைவி அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவர் என்றால் சாதாரணமாகச் சேர்ந்து தாக்கல் செய்ய முடியாது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. "எங்கள் இருவரையும் இந்த ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் வசிப்பவர்களாகவே வைத்து வரி போடுங்கள்" என்று இருவரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் பேப்பர் பெரும்பாலும் இதுதான்.

இதற்குக் கணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் சரி. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே தங்கிய நாட்களை வைத்துக் கணக்கு போடுவார்கள். இந்த ஆண்டு குறைந்தது 31 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதோடு இந்த ஆண்டின் நாட்கள் முழுசாக, போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு என்று கூட்டினால் 183 வர வேண்டும்.

எவ்வளவு மிச்சமாகும்? ஒரு உதாரணம்

கணவர் டெக்சாஸில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாநிலத்தில் தனியாக மாநில வருமான வரி கிடையாது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர்.

மனைவி இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பக்கம். சாமை விளையும் தன் பட்டா நிலத்தைக் குத்தகைக்கு விட்டதில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். தன் சேமிப்பை டெபாசிட் போட்டதில் வட்டி 45,000 ரூபாய். மொத்தம் 1,70,000 ரூபாய். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 2,000 டாலர்.

2025-ம் ஆண்டுக்கான அமெரிக்க விதிப்படி கணக்கு இதோ:

- கணவர் தனியாகத் தாக்கல் செய்தால் நிலையான கழிவு 15,750 டாலர். வரிக்கு உட்பட்ட வருமானம் 74,250 டாலர். வரி சுமார் 11,249 டாலர்.
- இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் மொத்த வருமானம் 92,000 டாலர். நிலையான கழிவு 31,500 டாலர். வரிக்கு உட்பட்ட வருமானம் 60,500 டாலர். வரி சுமார் 6,783 டாலர்.

வித்தியாசம் 4,466 டாலர். நம்ம ஊர் பணத்தில் கிட்டத்தட்ட 3.8 லட்சம் ரூபாய். மனைவியின் வருமானத்தையும் சேர்த்த பிறகுதான் இந்த மிச்சம். நிலையான கழிவு இரட்டிப்பாவது, வரி விகித வரம்புகள் அகலமாவது என்று இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

அப்போ யோசிக்காமல் கையெழுத்து போட்டுடலாமா? கொஞ்சம் பொறுங்க.

"எனக்கு இங்க வரியே இல்லையே" என்பது அங்கே செல்லுமா?

செல்லாது. இதுதான் முக்கியமான விஷயம்.

மேலே சொன்ன உதாரணத்தில் மனைவிக்கு இந்தியாவில் ஒரு ரூபாய் கூட வரி இல்லை. விவசாய நிலக் குத்தகை, விவசாய வருமானம் என்ற கணக்கில் விலக்கு பெறுகிறது. வட்டி அடிப்படை வரம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இந்திய விவசாய வருமானத்துக்கு என்று விலக்கு எதுவும் இல்லை. சேர்ந்து தாக்கல் செய்தால் இருவருக்கும் உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானமும் கணக்கில் வர வேண்டும்.

இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் இங்கே வரியே கட்டவில்லை என்றால் கழிக்க என்ன இருக்கிறது? இங்கே வரி இல்லாத பிபிஎஃப் வட்டி, என்ஆர்இ கணக்கு வட்டி ஆகியவற்றுக்கும் அங்கே வரி உண்டு.

சிறிய தொகை என்றால் பாதிப்பு பெரிதாக இருக்காது. அதே ஆண்டில் பூர்வீக நிலத்தை விற்றால்? கிராமப்புற விவசாய நிலத்தை விற்கும்போது இந்தியாவில் மூலதன ஆதாய வரி கிடையாது. அமெரிக்க ரிட்டர்னில் அந்த லாபத்தைக் காட்டியே ஆக வேண்டும். மிச்சமாகும் என்று நினைத்த 3.8 லட்சம், பெரிய தொகைக்கு நிலம் கைமாறிய ஆண்டில் ஒன்றுமே இல்லாமல் போகலாம், கையில் இருந்தும் போகலாம்.

மனைவி பெயரில் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் இன்னும் தலைவலி. அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் இதைத் தனி வகை வெளிநாட்டு முதலீடாகப் பார்க்கிறது. தனிப் படிவம், கடுமையான வரிக் கணக்கு, ஆடிட்டருக்குக் கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்ந்து வரும்.

மலைவாழ் மக்களுக்கு வருமான வரி கிடையாதாமே?

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி சமூகத்தினர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். "எஸ்.டி. என்றால் வருமான வரி இல்லை" என்ற பேச்சும் உலவுகிறது. அது பாதிதான் உண்மை.

வருமான வரிச் சட்டம் பழங்குடியினருக்கு விலக்கு தருகிறது. ஆனால் அது அருணாச்சலப் பிரதேசம், மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா, லடாக் மற்றும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு, அந்தப் பகுதிகளில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டின் எந்த மலையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஜவ்வாது மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை என எங்கே இருந்தாலும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் எல்லோருக்கும் உள்ள விதிதான்.

பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்றாங்களே, அனுப்பலாமா?

சேர்ந்து தாக்கல் செய்ய மனைவிக்கும் ஒரு வரி எண் தேவை. சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்கு ஐடிஐஎன் என்ற எண் தருவார்கள். டபிள்யூ-7 படிவத்தை நிரப்பி, பொதுவாக ரிட்டர்னுடன் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

இதற்கு அடையாளச் சான்றாக பாஸ்போர்ட்டின் ஒரிஜினல் வேண்டும், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். சாதாரண ஜெராக்ஸ், நோட்டரி கையெழுத்து போட்ட நகல் எல்லாம் செல்லாது. சாதாரணமாக 7 வாரம் ஆகும். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 30 வரையிலான சீசனில் விண்ணப்பித்தாலோ, வெளிநாட்டில் இருந்து அனுப்பினாலோ 9 முதல் 11 வாரம் வரை ஆகலாம் என்கிறது ஐஆர்எஸ்.

இதே நேரத்தில் எச்-4 விசா நேர்காணல் தேதி வந்தால்? பாஸ்போர்ட் கடல் தாண்டி இருக்கும், நேர்காணல் சென்னையில் இருக்கும்! அதனால் ஐஆர்எஸ் அங்கீகாரம் பெற்ற சான்றளிக்கும் முகவர்களிடம் போகலாம். அவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முகவரின் பெயர் ஐஆர்எஸ் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.

இந்த வருஷம் முடியலைன்னா?

பயப்பட வேண்டாம். ஏப்ரல் 15 கெடுவுக்குள் 4868 படிவம் கொடுத்தால் தாக்கல் செய்ய அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். ஆனால் பணம் கட்டும் கெடு ஏப்ரல் 15-தான், அது நீளாது.

இன்னொரு வழியும் உண்டு. இப்போதைக்குக் கணவர் தனியாகத் தாக்கல் செய்துவிட்டு, பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் திருத்திய ரிட்டர்ன் மூலம் சேர்ந்து தாக்கல் செய்வதாக மாற்றிக்கொள்ளலாம். விசா வேலை முடியும் வரை காத்திருப்பவர்களுக்கு இது வசதி.

கையெழுத்து போட்ட பிறகு பின்வாங்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரே ஒரு முறைதான். இந்தத் தேர்வு அந்த ஒரு ஆண்டோடு முடிவதில்லை. ரத்து செய்யும் வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். ரத்து செய்துவிட்டால் கணவரோ மனைவியோ வாழ்நாளில் மறுபடி இதைத் தேர்வு செய்ய முடியாது. நிலம் விற்கும் ஆண்டில் மட்டும் விலகிவிட்டு, அடுத்த ஆண்டு திரும்ப வரலாம் என்ற கணக்கு எடுபடாது.

இன்னொன்று. சேர்ந்து போட்ட ரிட்டர்னுக்கு இருவருமே முழுப் பொறுப்பு. கணவர் ஏதாவது வருமானத்தை மறைத்திருந்தால், அந்த வரிப் பாக்கியை மனைவியிடமும் கேட்க முடியும். அதனால் வெறும் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் பார்த்து கையெழுத்து போடாதீங்க. முழு ரிட்டர்னையும் வாங்கிப் படியுங்கள், ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் என்ன கவனிக்கணும்?

- கணவர் அனுப்பும் பணம் மனைவிக்கு வருமானம் ஆகாது. ஆனால் அந்தப் பணத்தை மனைவி டெபாசிட் போட்டால், வரும் வட்டி இந்தியாவில் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.
- அமெரிக்க வங்கிக் கணக்கில் மனைவியின் பெயரையும் சேர்த்திருந்தால், இங்கே வசிக்கும் அவர் வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.
- காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்து மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

கணவர் துபாயிலோ லண்டனிலோ இருந்தால்?

இந்தக் கேள்வியே எழாது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத் நாடுகளில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. பிரிட்டனில் 1990 முதல் கணவன், மனைவிக்குத் தனித்தனியாகத்தான் வரி.

கடைசியாக, என்ன செய்யலாம்?

ஊரில் மனைவிக்கு வருமானம் இல்லை அல்லது மிகக் குறைவு, அடுத்த சில ஆண்டுகளில் சொத்து விற்கும் திட்டமும் இல்லை என்றால் சேர்ந்து தாக்கல் செய்வது பெரும்பாலும் லாபம். மனைவிக்கு நல்ல சம்பளம், வாடகை, மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது, அல்லது நிலம் கைமாறப் போகிறது என்றால் நிதானம் தேவை.

இரண்டு முறையிலும் கணக்கு போட்டுக் காட்டச் சொல்லி அமெரிக்க வரி விதிகள் தெரிந்த ஆடிட்டரிடம் கேளுங்கள். நிலப் பத்திரம் முதல் பிபிஎஃப் பாஸ்புக் வரை மனைவி பெயரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே கொடுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்காமலே "சைன் பண்ணுங்க, ரீஃபண்ட் வரும்" என்று அவசரப்படுத்தினால், வேறு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.