தண்ணீரில் விழுந்த செல்போன் பிழைக்குமா?

அவசரப்பட்டு "ஆன்" செய்யாதீர்கள்!

செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே என்ன செய்கிறோம்? எடுத்துத் துடைத்து, "வேலை செய்கிறதா?" என்று பொத்தானை அமுக்கிப் பார்க்கிறோம்.

அங்கேதான் ஆபத்து!

ஜவ்வாது மலை அருகே இருக்கும் ஊர் போளூர். மலையில் மழை கொட்டினால் செய்யாற்றில் வெள்ளம் வரும். விடுமுறை நாட்களில் ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. சட்டைப் பையில் செல்போன் இருப்பதை மறந்து அருவியில் நிற்பவர்களும் உண்டு!

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் மாண்டனர். அப்படிப்பட்ட நாளில், உதவிக்கு ஆள் கூப்பிடக் கையில் இருப்பது செல்போன்தான். அது நனைந்துவிட்டால்?

எதனால் கெடுகிறது?

தூய தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆனால் ஆற்றுத் தண்ணீரிலும், கிணற்றுத் தண்ணீரிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் மின்சாரம் பாயும். செல்போனுக்குள் மெல்லிய செம்பு இழைகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஈரம் அவற்றை இணைத்தால், மின்சாரம் தவறான வழியில் பாய்ந்து பாகங்களைக் கருக்கிவிடும். செம்பும் வேகமாக அரித்துப்போகும்.

ஆகவே, தண்ணீரைவிடப் பெரிய எதிரி தண்ணீரோடு சேர்ந்த மின்சாரமே!

என்ன செய்யவேண்டும்?

முதலில் போனை அணையுங்கள். அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரியானால் கழற்றுங்கள். சிம் கார்டை எடுத்துவிடுங்கள். துணியால் துடைத்து, சார்ஜர் செருகும் துவாரம் கீழே இருக்கும்படி பிடித்து, மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் போடவே கூடாது.

அடுப்பருகே வைக்காதீர்கள். சூடு பேட்டரிக்கு ஆகாது. பேட்டரி உப்பினாலோ, சுட்டாலோ போனை விட்டு விலகி நில்லுங்கள்.

ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே, முழுக்க நனைந்த போனை "ஆன்" செய்யாமலே, அன்றைக்கே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. அங்கே திறந்து, ஆல்கஹால் திரவத்தால் சுத்தம் செய்வார்கள்.

அரிசிப் பானை வைத்தியம்

நனைந்த போனை அரிசியில் புதைத்து வைப்பவர்கள் பலர். உள்ளே இருக்கும் ஈரத்தை அரிசி உறிஞ்சி எடுத்துவிடாது. "அரிசிப் பையில் வைக்காதீர்கள். அரிசித் துகள் உள்ளே புகுந்து கெடுக்கலாம்" என்று ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கிறது. அரிசி சோற்றுக்கே இருக்கட்டும்!

உயிர் பெரிது!

வெள்ளத்தில் நனைந்த டி.வி., மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். பொருள் போனால் வாங்கலாம்.

இன்னொன்று: முக்கியமான நம்பர்களை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். நோட்டு நனைந்தாலும், காயவைத்துப் படிக்கலாம்!